மூன்று ஜாடிகள், ஒரே எண்

மருத்துவக் கல்லூரியில் எங்கள் நோய்க்குறியியல் துறையின் அருங்காட்சியகத்தில் உள்ள உறுப்பு ஜாடிகளைத் துடைத்து, திரவம் வற்றியவற்றை நிரப்பி, மங்கிய சீட்டுகளை மாற்றும் வேலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடையில் செய்வோம். அப்படி ஒரு மே மாதத்தில், இதயங்கள் இருக்கும் அலமாரியில் ஒரு ஜாடியைத் திருப்பியபோது, அதன் பின்புறம் ஒட்டியிருந்த பழுப்பேறிய தாளில் பிரேதப் பரிசோதனை எண் ஒன்று ஊதா மையில் எழுதப்பட்டிருந்தது. அதே எண்ணை அன்று காலையில்தான் கல்லீரல் அலமாரியில் பார்த்திருந்தேன். அதை நான் சொல்லி முடிப்பதற்குள், முப்பது ஆண்டுகளாக அந்த அறையைப் பராமரித்து வரும் அண்ணன், "மேடம், நுரையீரல் பக்கம் கீழ்த்தட்டுலயும் இதே நம்பர் ஒண்ணு இருக்கு" என்றார். மூன்று ஜாடிகளையும் எடுத்து வந்து ஜன்னல் ஓரத்து மேசையில் அருகருகே வைத்தோம்.

பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. 1974-ஆம் ஆண்டுப் பதிவு அது. பெண், வயது இருபத்தாறு, ஏழு மாதக் கர்ப்பம். மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், கால் வீக்கம். காசநோய் என்று கருதி அதற்கான மருந்து கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வலது கையும் காலும் செயலிழந்தன. பாதுகாக்கப்பட்ட உறுப்புகள்: இதயம், நுரையீரல், கல்லீரல், மூளை. அவ்வளவுதான், ஒரு வாழ்க்கைக்கு ஐந்து வரிகள்.

அந்த மூன்று ஜாடிகளையும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் வகுப்பில் காட்டி வந்திருக்கிறேன். இதயத்தை ஒரு மாதத்தில், நுரையீரலை அடுத்த மாதத்தில், கல்லீரலை அதற்கும் இரண்டு மாதம் கழித்து. ஒவ்வொன்றையும் காட்டும்போது அதன் பெயரையும் காரணங்களையும் நுண்ணோக்கியில் தெரிவதையும் சொல்லி, மாணவர்கள் எழுதி முடித்ததும் அடுத்த ஜாடிக்குப் போய்விடுவேன். மூன்றும் ஒரே பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. ஏனென்றால் நான் அலமாரிகளை அடுக்கிய முறையில்தான் மாணவர்களின் மனத்தையும் அடுக்கிக் கொண்டிருந்திருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் பேத்தாலஜி என்ற நோய்க்குறியியல் இரண்டு பாகங்களாக வரும். முதல் பாகம் பொது நோய்க்குறியியல்: செல் எப்படிக் காயமடைகிறது, அழற்சி எப்படி எழுகிறது, ரத்தம் எங்கே எதற்காக உறைகிறது, புற்று எப்படித் தொடங்குகிறது. இரண்டாம் பாகம் உறுப்பு மண்டலங்கள்: இதயம், நுரையீரல், குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாக. இந்தப் பிரிவினை வீணானது அன்று. 1761-இல் இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவப் பேராசிரியர் மார்காக்னி, தன் எழுபத்தொன்பதாம் வயதில், ஏறத்தாழ 700 உடல்களின் ஆய்வை வெளியிட்டு நோய் குடியிருக்கும் இடம் உறுப்பு என்று காட்டினார். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு மருத்துவர் பீஷா, நுண்ணோக்கியே இல்லாமல், உறுப்பைத் திசுக்களாகப் பிரித்தார். 1858-இல் பெர்லினில் மருத்துவர் விர்க்கோ, நோயின் இருப்பிடம் செல் என்றார். உடலிலிருந்து உறுப்புக்கு, உறுப்பிலிருந்து திசுவுக்கு, திசுவிலிருந்து செல்லுக்கு என்று இறங்கிச் சென்றதால்தான் இன்றைய மருத்துவம் உண்டானது. ஆனால் நோயாளி இறங்கிப் போவதில்லை. அவர் முழு உடலோடு வந்து எதிரில் உட்காருகிறார். மாணவர் அந்தப் படிகளில் மீண்டும் மேலே ஏறியாக வேண்டும். ஏறக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு எங்கள் கால அட்டவணையில் எங்கும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு முதல் மூன்று ஜாடிகளையும் ஒன்றாக வைத்தே நடத்துகிறேன். முதலில் இதயம். ஜாடியில் இருப்பதைத் தொட முடியாது என்பதால், பிணவறையிலிருந்து ஆய்வுக்கு வந்த வேறொரு இதயத்தை முந்தின நாள் இரவே ஓடும் நீரில் ஊறவைத்து, ஃபார்மலின் நெடி குறைந்த பிறகு தட்டில் வைப்பேன். கையுறை அணிந்து ஆளுக்கொரு முறை விரலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். நல்ல நிலையில் இருக்கும் மைட்ரல் வால்வின் வாய் நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும்; இரண்டு விரல்கள் தாராளமாக நுழையும். அதைத் தொட்டு உணர்ந்த பிறகு ஜாடியைப் பார்க்கிறார்கள். அங்கே வால்வின் இரண்டு இதழ்களும் ஓரங்களில் ஒட்டி, தடித்து, சுண்ணாம்பு படிந்து, நடுவில் ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கிறது. பாடப்புத்தகம் இதைப் பொத்தான் துளை என்றும் மீன்வாய் என்றும் சொல்லும். தையற்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு முறை கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "காஜா எடுத்த மாதிரியே இருக்கு மேடம், ஓரமெல்லாம் தடிச்சு" என்றாள். அன்றிலிருந்து என் வகுப்பில் அதன் பெயர் காஜாதான். ஓரம் தடித்திருப்பதைப் பொத்தான் துளை என்ற சொல் காட்டுவதில்லை, காஜா காட்டுகிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் "மைட்ரல் ஸ்டெனோசிஸ்", அதாவது மைட்ரல் வால்வுக் குறுக்கம், என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவார்கள். மூட வேண்டாம் என்கிறேன். இந்தக் கீறலுக்கு மேலே யார் நிற்கிறார்கள், கீழே யார் நிற்கிறார்கள் என்று கேட்கிறேன். ஒரு தொகுப்பில், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் சற்றுத் தயங்கி எழுந்து, மதகை அடைத்தால் மேல்வயல் மூழ்கும், கீழ்வயல் காயும் என்றார். அதைவிடச் சரியாக நான் எதையும் சொன்னதில்லை. மைட்ரல் வால்வு இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையில் இருக்கும் மதகு. அது குறுகினால் மேலறை புடைத்துக்கொள்கிறது. கீழறை நிரம்பாமல் சிறிதாகவே இருக்கிறது. எங்கள் ஜாடியில் இடது மேலறை ஒரு சிறு எலுமிச்சம்பழமே உள்ளே போகும் அளவுக்கு விரிந்திருக்கிறது. கீழறையின் சுவரில் குறை எதுவும் இல்லை. இதயம் பலவீனப்பட்டதால் இந்தப் பெண் மூச்சுத் திணறினாள் என்று எழுதும் மாணவருக்கு இந்த ஒரு பார்வையிலேயே விடை கிடைத்துவிடும்: இடது கீழறை என்ற பம்பு பழுதாகவில்லை, அதற்கு வர வேண்டிய தண்ணீர் வரவில்லை.

மேல்வயலுக்கு மேல்வயல் நுரையீரல். மேலறையில் ஏறிய அழுத்தம் அப்படியே பின்னோக்கி நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போகிறது. அந்த அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டிப் போனால், ரத்தத்தில் உள்ள புரதங்களால் நீரைக் குழாய்க்குள் இழுத்து நிறுத்தி வைக்க முடியாது. நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. மெல்லிய குழாய்கள் வெடித்துச் சிவப்பணுக்களும் கசிகின்றன. அவற்றை விழுங்கு செல்கள் வந்து விழுங்கி, ஹீமோகுளோபினில் இருந்த இரும்பைப் பழுப்புத் துகள்களாக வயிற்றில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. எங்கள் இரண்டாவது ஜாடியில் உள்ள நுரையீரல் பஞ்சு போல் இல்லாமல் இறுகி, துருவேறிய தகரத்தின் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதன் சிறு துண்டிலிருந்து வெட்டிய ஸ்லைடுக்கு, இரும்பை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், காற்றறைக்குள் கிடக்கும் அந்தச் செல்கள் அடர்நீலமாக ஒளிரும். இவற்றின் பெயர் இதயச் செயலிழப்புச் செல்கள். நுரையீரலில் இருக்கும் செல்லுக்கு இதயத்தின் பெயர்! ஒரு உறுப்பின் நோயை இன்னொரு உறுப்பில் படிக்கலாம் என்பதை நமக்கு முன்னால் வந்தவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம்தான் அதைக் குறுவிடைக் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணின் சளியில் வந்த ரத்தம் இங்கிருந்து வந்தது. நம் ஊரில் இளம் வயதில் ஒருவர் ரத்தம் இருமினால் முதலில் காசநோயை நினைப்பது தவறில்லை, அதுதான் அதிகம். தவறு, அதோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. கால் வீக்கத்தைப் பார்த்தவர் அதைக் கர்ப்பத்தோடு சேர்த்திருப்பார், ரத்தத்தைப் பார்த்தவர் அதை நுரையீரலோடு சேர்த்திருப்பார். இரண்டையும் சேர்த்து வைத்து ஸ்டெதாஸ்கோப்பை இதய நுனியில் வைத்தவர் எவரும் இருந்ததாக அந்த ஐந்து வரிகளில் தெரியவில்லை. இதை நான் யாரையும் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஜாடிகளைத் தனித்தனி அலமாரியில் வைத்துப் படித்தவர்கள், அறிகுறிகளையும் தனித்தனி அலமாரியில்தான் வைப்பார்கள்.

கர்ப்பம் ஏன் இந்த நோயை வெளியே கொண்டுவருகிறது என்பதில் நான் கூடுதல் நேரம் செலவிடுவேன், ஏனென்றால் பல பெண்களுக்கு இந்த வால்வு நோய் இருப்பதே முதல் கர்ப்பத்தில்தான் தெரிய வருகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் மொத்த அளவு நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை கூடுகிறது. நாடித் துடிப்பும் விரைவாகிறது. மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் இறங்குவது, இதயம் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ஓய்வெடுக்கும் அந்தச் சிறு பொழுதில்தான். துடிப்பு விரையும்போது முதலில் சுருங்குவது ஓய்வுப் பொழுது. இறங்க வேண்டிய ரத்தம் கூடிவிட்டது, வாசல் குறுகிவிட்டது, வாசல் திறந்திருக்கும் நேரமும் குறைந்துவிட்டது. அதுவரை வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்துகொண்டிருந்த பெண் ஆறாம், ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாள். மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் சொல்லை மருத்துவரும் திருப்பிச் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால், மகப்பேறு வார்டில் நிற்கும்போது இந்த முதல் ஜாடி அவருடைய கண்முன் வர வேண்டும்.

மூன்றாவது ஜாடிக்கு வர, நடுவில் இதயத்தின் வலது பக்கத்தைக் கடக்க வேண்டும். இறுகிய நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது கீழறை தடித்துப் பிறகு தளர்கிறது. தேக்கம் இப்போது கல்லீரலை எட்டுகிறது. வெட்டிய கல்லீரலின் பரப்பில் அடர்சிவப்புப் புள்ளிகளும் அவற்றைச் சுற்றி வெளிறிய வளையங்களும் மாறி மாறித் தெரிவதைச் சாதிக்காய்க் கல்லீரல் என்பார்கள். மாணவர்கள் இந்தப் பெயரை மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் நாட்டு மருந்துக் கடையில் நான்கு சாதிக்காய் வாங்கி வந்து வைத்தபோதுதான் ஒன்று தெரிந்தது: பாதிப் பேருக்குச் சாதிக்காய் தெரியும், குழந்தைக்குப் பாட்டி கல்லில் உரைத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் உரைத்துப் பார்த்தவர்களில் ஒருவரும் அதை வெட்டிப் பார்த்ததில்லை. அருங்காட்சியக அண்ணன் வீட்டிலிருந்து பாக்குவெட்டி கொண்டுவந்து, ஒரே அழுத்தில் இரண்டாகப் பிளந்து ஜாடிக்கு முன்னால் வைத்தார். வெளிறிய சதைக்குள் ஓடிய பழுப்பு வரிகளையும் கல்லீரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வகுப்பே சற்று நேரம் அமைதியாக இருந்தது. கல்லீரலின் நுண்கூறுகளின் நடுவில் இருக்கும் சிரையை நோக்கித்தான் தேக்கம் முதலில் வருகிறது. தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் கடைசியாக வந்து சேர்வதும் அந்த நடுப்பகுதிக்குத்தான். இரண்டு துன்பமும் ஒரே இடத்தில் விழுவதால் நடுப்பகுதிச் செல்கள் சாகின்றன, ஓரத்தில் இருப்பவை பிழைக்கின்றன. சாதிக்காயின் கோலம் இந்தக் கணக்கிலிருந்து வருவது.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நோய்க்குறியியல் முழுக்க ஐரோப்பியச் சமையலறையின் வாசனை இருக்கிறது. காசநோயின் இறந்த திசு பாலாடைக்கட்டி. ருமாட்டிக் காய்ச்சலில் வீங்கிய இதய உறை, வெண்ணெய் தடவி ஒட்டிப் பிரித்த இரண்டு ரொட்டித் துண்டு. இவற்றில் சாதிக்காயும் ஜவ்வரிசியும் மட்டும் நம் வீட்டுப் பொருள்கள். சேலத்திலிருந்து வந்த மாணவருக்கு ஜவ்வரிசி மண்ணீரல் என்று சொன்னால், மண்ணீரலில் வெண்கூழ் எனும் பகுதியின் இடத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து கண்ணாடி போல் மினுக்கும் மணிகளை உடனே புரிந்துகொள்வார். மற்றப் பெயர்களுக்கு, பொருளைக் கொண்டுவந்து காட்டுவது தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பார்க்காத பொருளை உவமையாகச் சொன்னால் அது இன்னொரு மனப்பாடம் ஆகிவிடும்.

ஜாடிகளைப் பார்த்து முடித்ததும் மாணவர்களையே உறுப்புகளாக நிறுத்துவேன். நீங்கள் இடது மேலறை, நீங்கள் நுரையீரல், நீங்கள் வலது கீழறை, நீங்கள் கல்லீரல், நீங்கள் சிறுநீரகம். ஒவ்வொருவரும் தனக்கு என்ன வந்தது, தான் என்ன செய்தேன், அடுத்தவருக்கு என்ன கொடுத்தேன் என்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு முறை சிறுநீரகமாக நின்ற மாணவர் வெகுநேரம் பேசவில்லை. தேக்கம் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தனக்கு என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை. கீழ்வயலை நினைத்துப் பார் தம்பி என்றேன். சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: "எனக்கு ரத்தம் கம்மியா வருது மேடம். அதனால உடம்புல தண்ணியே இல்லைன்னு நான் நினைச்சுக்கறேன். ரெனின் விடறேன். உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கறேன்." பக்கத்தில் கல்லீரலாக நின்ற பெண் உடனே, "ஐயோ, அதெல்லாம் எனக்குத்தானே வரும்!" என்றாள். உடலில் நீர் மிதமிஞ்சிக் கிடக்கும்போதே நீர் இல்லை என்று நம்பிச் சேமித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகம், நோயைச் சுற்றி வளைத்துப் பெரிதாக்குகிறது. கால் வீக்கத்துக்கு நீரைப் பிரிக்கும் மாத்திரை ஏன் தருகிறோம், அதிகமாகக் கொடுத்தால் ஏன் கெடுதல் என்ற இரண்டும் அந்த ஒரு கூப்பாட்டில் அடங்கியிருந்தன.

நோய் பயணம் செய்கிறது என்பது பாடத்தின் ஒரு பாதிதான். மறுபாதி, போய்ச் சேரும் ஒவ்வொரு உறுப்பும் தன் அமைப்புக்கு ஏற்றபடிதான் நோய்வாய்ப்படும் என்பது. இதற்கு நான் எடுத்துக்கொள்வது ரத்தக்கட்டி. விரிந்த இடது மேலறை நாளடைவில் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குகிறது. அதன் ஓரப்பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. ஒரு சிறு துண்டு பிய்ந்து பெருந்தமனியில் இறங்கினால், அது எங்கே போகும் என்பது ரத்த ஓட்டத்தின் கையில். சிறுநீரகத்துக்குப் போனால் ஆப்பு வடிவில் வெளிறிய, கெட்டியான ஒரு தழும்பு. மூளைக்குப் போனால் அதே அடைப்பு கெட்டியாவதற்குப் பதிலாகத் திசுவைக் கூழாக்கிவிடும். கல்லீரலுக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றும் நேராது, ஏனென்றால் அதற்குத் தமனி ஒன்றும் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை ஒன்றும் என இரண்டு வாய்க்கால்கள். கட்டி ஒன்றுதான், செல் சாகும் காரணமும் ஒன்றுதான். உறுப்பு மாறும்போது சாவின் உருவம் மாறுகிறது. பொது நோய்க்குறியியலும் உறுப்பு மண்டலங்களும் சந்திக்கும் இடம் இது. முதல் பாகத்தைச் சரியாகப் படிக்காதவருக்கு இரண்டாம் பாகம் வெறும் பட்டியல். இரண்டாம் பாகத்துக்கு வராதவருக்கு முதல் பாகம் வெறும் இலக்கணம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பின்னோக்கி நடக்கிறோம். வால்வு ஏன் ஒட்டியது? அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு வயதில் ஒரு தொண்டை வலி வந்திருக்கும். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. வலி நான்கு நாளில் சரியாகியிருக்கும். கிருமியின் எம் புரதத்துக்கு எதிராக உடல் படைத்த தற்காப்பு, அதே சாயல் கொண்ட இதயத் திசுவையும் பகையாக எண்ணித் தாக்குகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துக் காய்ச்சலும், இன்று முழங்கால் நாளை கணுக்கால் என்று இடம் மாறும் மூட்டு வலியும் வரும், அதுவும் போய்விடும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று இதைப் பற்றிப் பழைய மருத்துவர்கள் சொல்லி வைத்த வாக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. வால்வில் கிருமி ஒன்றுகூட இருக்காது என்பதை மாணவர்கள் நம்பச் சற்று நேரம் பிடிக்கும். கிருமி போன பிறகு உடலே தொடர்ந்து நடத்தும் போரின் தழும்புதான் அந்தக் காஜா.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் இந்த வால்வு முழுதாகக் குறுகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று இருந்தது. இந்தியாவில் இருபது வயதுக்கு முன்பே கடுமையாகக் குறுகிய வால்வுகள் இருப்பதை, 1963-இல் டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த எஸ்.பி. ராய் முதலானோர் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் நோய்க்குறியியலாளர் வி. ராமலிங்கசுவாமியும் ஒருவர். நம் நாட்டு நோயாளியின் உடலை நம் நாட்டு மேசையில் பார்த்து எழுதியதால்தான் அது தெரிய வந்தது. தொண்டை வலிக்குப் பென்சிலின், ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சாதீன் பென்சிலின் ஊசி என்பவை மலிவானவை. நெருக்கடியான வீடுகளில் வாழும் குழந்தைகளையே இந்த நோய் தேடிப் பிடிக்கிறது என்பதால், ஊசியை விடாமல் போடுவதுதான் கடினம். இதைச் சொல்லும்போது என் குரல் மாறுவதாக மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாறட்டும்.

துறைகளைக் கலந்து, உறுப்பு மண்டலம் மண்டலமாக நடத்தும் யோசனை புதிதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1952-இலேயே அப்படி ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டமும் துறைகளை இணைத்து நடத்தச் சொல்கிறது. நான் அதை மனமார வரவேற்றவள். ஆனால் இணைப்பு வகுப்பு என்று மூன்று துறையினர் ஒரே மேடையில் ஏறி, ஆளுக்கு இருபது நிமிடம் அவரவர் ஸ்லைடுகளைக் காட்டிவிட்டு இறங்கும் வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். அது அலமாரிகளை ஒரே அறைக்கு நகர்த்துவது மட்டுமே. எண்ணைப் படித்து ஜாடிகளை ஒன்று சேர்ப்பதன்று. இணைக்க வேண்டிய இடம் கால அட்டவணையில் இல்லை, நோயாளியின் உடலில் ஏற்கெனவே இணைந்து கிடக்கிறது. அதேபோல, அழற்சி, ரத்தக்கட்டு போன்ற அடிப்படைகளைத் தனியே நிதானமாக நடத்தாமல் நேரே உறுப்பு மண்டலங்களுக்குப் போகலாம் என்போரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாமல் கதை படிக்க முடியாது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவர்கள் என் வகுப்பில் கூடியிருக்கிறார்கள். தமிழில் மருத்துவம் நடத்துவது கற்பனை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவ நூல்களை எழுதி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சொற்களை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, ஏன், எப்படி, அதனால் என்ன என்பவற்றை மட்டும் தமிழில் கேட்கிறேன். மதகும் காஜாவும் எனக்கு அந்தக் கேள்விகளிலிருந்து கிடைத்தவை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அந்த இருவரும் எழுந்தே இருக்க மாட்டார்கள். "இது எஸ்ஸேவா, ஷார்ட் நோட்ஸா மேடம்?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. தேர்வில் இதயத்துக்கு ஒரு கேள்வி, கல்லீரலுக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாகத்தான் வருகிறது என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மூன்று ஜாடிகளும் இப்போது வாசலுக்கு நேர் எதிரே உள்ள தட்டில் இருக்கின்றன. சீட்டில் நோயின் பெயரை எழுதவில்லை. 1974, பெண், வயது இருபத்தாறு என்பதற்குக் கீழே பதிவேட்டின் ஐந்து வரிகளை மட்டும் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறோம். பதிவேட்டில் சொல்லியிருந்த மூளை இன்னும் கிடைக்கவில்லை. அண்ணன் கிடங்கில் இருந்த பழைய வாளிகள் வரை இறக்கிப் பார்த்துவிட்டார். கல்லீரலுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடி அகலத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு ஆண்டும் வகுப்பின் முடிவில் அந்த இடத்தைக் காட்டி, இங்கே இருந்த ஜாடியில் எந்தப் பக்கம், எந்தத் தமனியின் பகுதி, எப்படி இருந்திருக்கும் என்று எழுதித் தரச் சொல்கிறேன். வலது கை கால் என்பதால் இடது பக்கம் என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். நடு மூளைத் தமனி என்று பலர் எழுதுவார்கள். கட்டி போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது என்பதைக் கவனித்து, இன்னும் கூழாகியிருக்காது, வெளிறி, வீங்கி, தொட்டால் மெத்தென்று இருந்திருக்கும், மடிப்புகள் தட்டையாகியிருக்கும் என்று எழுதுபவர்கள் மூன்று நான்கு பேர். சென்ற ஆண்டு ஒரு மாணவி அதோடு நிறுத்தாமல், தாளின் அடியில் பென்சிலால் இன்னொரு வரி எழுதியிருந்தாள்: "குழந்தையைப் பற்றிப் பதிவேட்டில் ஏதாவது இருக்கிறதா, மேடம்?" மறுபடியும் பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தின் இருபுறமும் பார்த்தேன். இல்லை.